நாய் திரும்பிவிட்டது, பூசணம் என்ன ஆனது?

என் மகளுக்கு மாமனாராய் வந்து, எனக்குக் கூட்டாளியாய் ஆகிப்போன சம்பந்திக்கு,

சுகமா என்று கேட்கத்தான் கை போகிறது. பிடித்து நிறுத்தினேன். சுகமில்லாமல்தானே போனீர்கள், அங்கேயும் போய் அதே கேள்வி எதற்கு?

முதலில் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. காஜா பெராங்கில் தலைமுறை தலைமுறையாய் இருக்கும் மலாக்காச் செட்டிக் குடும்பம் உங்களுடையது. கோயிலும் விபூதியும் தமிழ், பேச்சும் சண்டையும் மலாய். எனக்கோ எழுத வருவது தமிழ் ஒன்றுதான், அதுவும் ஏழாம் வகுப்போடு நின்றுபோன தமிழ். ஆகவே இதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சில் வந்தால் சரோஜா உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மலாயில் வாசித்துக் காட்டுவாள். மருமகள் வாசிப்பதை உங்கள் வீட்டம்மாவும் கேட்பார். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

பத்திரிகைக்கு அனுப்ப இன்னொரு காரணமும் உண்டு. படிக்கிறவர்களில் ஒரே ஒருவருக்காவது பதில் தெரிந்திருக்காதா என்ற நப்பாசை. நான் கேட்ட இடத்தில் எல்லாம் எனக்குக் கிடைத்தது நாய்தான், சம்பந்தி. எங்கே போனாலும் நாய்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுதந்திரம் வந்த மூன்றாம் வருஷக் கொண்டாட்டத்துக்கு ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்த சமயம். ரஷ்யாக்காரன் இரண்டு நாய்களைக் கூண்டில் வைத்து ஆகாயத்துக்கு அனுப்பி, பூமியைச் சுற்றவிட்டு, உயிரோடு இறக்கிவிட்டான். நான் பஸ் டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் தமிழ்ப் பத்திரிகையோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் நில ஆபீசிலிருந்து கொண்டுவந்த இங்கிலீஷ் பத்திரிகையோடு அடுக்களைக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு பேப்பரிலும் நாய் படம். கடைசி வரியில்தான் அந்த விஷயம்: நாய்களோடு எலிகளும் ஈக்களும் செடிகளும் பூஞ்சக்காளானும் போய் வந்தனவாம்.

நான் வாசித்துக் காட்டியதும், பூஞ்சக்காளான் என்றால் என்ன என்று என்னைக் கேட்டீர்கள். பூசணம், ரொட்டியில் பிடிக்குமே, அந்த ஜாதி என்றேன். உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பெசான், ரஷ்யாக்காரன் ராகியை ராக்கெட்டுல ஏத்திட்டான்!"

பெசான் என்றால் மலாயில் சம்பந்தி. ராகி என்றால் நம் கேழ்வரகு அல்ல. மற்றவர்கள் குழம்பாமல் இருக்கச் சொல்லிவிடுகிறேன்: சந்தையில் வட்ட வட்டமாய் வெள்ளை வில்லை விற்பார்களே, அரிசி மாவில் பூசணத்தை உறங்கவைத்த வில்லை, அதுதான். புளுட் அரிசியை, அதாவது ஒட்டரிசியை, அவித்து ஆறவைத்து, அந்த வில்லையைப் பொடித்துத் தூவி, ரப்பர் இலையில் மடித்து, பானையில் மூடி வைத்தால் பூசணம் எழுந்து வேலை செய்யும். சோறு தேனாய் மாறும். அதுதான் தாப்பாய். உங்களுக்கு உயிர். உங்கள் வீட்டம்மா போடுகிற தாப்பாய்க்கு மலாக்கா டவுனில் இணை கிடையாது என்று நானும் சாட்சி சொல்வேன்.

ஆனால் அதற்குச் சட்டதிட்டம் உண்டு. குளித்துவிட்டுத்தான் தொடவேண்டும். தூவும்போது பேசக்கூடாது. பானை மூடியிருக்கும்வரை அதன் பக்கத்தில் சண்டை, வம்பு, வெட்டிப்பேச்சு, வாய்விட்ட சிரிப்பு, ஒன்றும் கூடாது. ஆட்டக்கூடாது, அசைக்கக்கூடாது. மீறினால் அது கோபித்துக்கொண்டு புளித்துப்போகும். மலாயில் மெராஜோக் என்று ஒரு சொல் வைத்திருக்கிறீர்கள். பெண்டாட்டி புருஷன் வீட்டில் சண்டை போட்டுத் தாய்வீட்டுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பாளே, அதற்குப் பெயர்.

அன்று காலையில்தான் பானை மூடியிருந்தது. நமக்கு இரண்டடி தள்ளி.

"ராக்கெட்டு அப்படி ஆட்டினா ராகி மெராஜோக் ஆயிடுமே. மேல போய் ஒண்ணுமே முளைச்சிருக்காது" என்றீர்கள். நான் விடுவேனா? கொல்லையில் கிடக்கும் தென்னங்கட்டையைப் பற்றிச் சொன்னேன். மழைக்கு அதில் காளான் முளைத்தது. கட்டையைப் புரட்டிப் போட்டேன். மறுநாள் பார்த்தால் அத்தனை காளானும் கழுத்தை வளைத்துக்கொண்டு மறுபடி மேலே பார்க்கின்றன. அதற்கு எது மேல் எது கீழ் என்று தெரியும். ஆகாயத்தில் மேலும் இல்லை கீழும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் முளைக்கும், ஆனால் வழி தெரியாமல் நாலாபக்கமும் முளைத்து மயிர் சிலிர்த்த ரம்புத்தான் பழம் மாதிரி ஒரு உருண்டையாய் நிற்கும் என்றேன். ரம்புத்தானா, என்று நீங்கள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். உங்கள் வீட்டம்மா அடுக்களைத் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பானையைத் திறந்த அன்று நானும் இருந்தேன். கறுப்பும் சிவப்புமாய்ப் பூத்துக் கிடந்தது. புளித்த வாடை கூடத்துக்கு வந்தது. அந்த வாரத்திலேயே உங்களுக்கு நெஞ்சுவலி.

காரியம் எல்லாம் முடிந்து நான் ஒரு நாள் வந்தபோது உங்கள் வீட்டம்மா என்னிடம் சொன்னது ஒரே பேச்சுதான். "வானத்துக் கதையை என் பானைமேல பேசினீங்க, பெசான். அது கோவிச்சுக்கிச்சு. அவரையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு." அதற்குப்பிறகு அந்த வீட்டில் தாப்பாய் போடவே இல்லை. பொங்கலுக்கு முந்தின நாள் உங்கள் வழக்கப்படி முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பீர்களே, பார்ச்சு, அது வருகிறது. பொங்கல் கொண்டாட்டம் இந்த வருஷம் கிடையாது, பார்ச்சு மட்டும் உண்டாம். உங்கள் இலையில் மீன் கறி வைப்பார்களாம், பழம் வைப்பார்களாம். தாப்பாய் கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டார் என சரோஜா வந்து அழுதாள். நீங்கள் ஆசைப்பட்ட ஒரே பண்டம் இல்லாத இலைக்கு முன்னால் நீங்கள் வந்து உட்காரவேண்டும், காரணம் நான்.

சரோஜா, அடுத்த பத்தியை விட்டுவிட்டு வாசி.

சம்பந்தி, பேச்சை ஆரம்பித்தது நீங்கள். முதலில் சிரித்ததும் நீங்கள். நான் கூடவே ஜால்ரா போட்டவன்தான். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. புருஷனைப் பறிகொடுத்தவரிடம் போய், உங்க பானையைக் கெடுத்ததே உங்க புருஷன்தான் என்று சொல்ல ஏழாம் வகுப்புப் படிப்பு போதாது. ஆனால் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. சௌகரியமாய்ப் போய்விட்டீர்கள், திட்டு வாங்குவது நான்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஆகாயத்துக்குப் போன பூசணம் நன்றாய் முளைத்து வந்தது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். அப்பேர்ப்பட்ட உறுமலிலும் ஆட்டத்திலும் கோபித்துக்கொள்ளாதது, நாம் இரண்டு பேர் சிரித்ததற்கா கோபித்துக்கொண்டிருக்கும்? அப்புறம் அம்மா பானையைக் கழுவி எடுப்பார். இதுதான் என் கணக்கு.

யாராவது சொல்லவேண்டுமே. பத்திரிகைக்குக் கடிதம் போட்டேன். கேள்வி பதில் பகுதியில், நாய்கள் நலமாக இருக்கின்றன என்று பதில் வந்தது. அவை நலமாக இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும், நான் கேட்டது அதுவா? எங்கள் கம்பத்துக் குடியிருப்புக்குப் படம் காட்ட வந்த அரசாங்க வேன்காரரைக் கேட்டேன். பூசணமா, அது எங்கள் இலாகா இல்லை, சுகாதார இலாகா என்றார். நாய்க்குப் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, அது கூண்டில் என்ன தின்றது என்பதுவரை எழுதுகிறார்கள். கூடவே போய்ச் சுற்றி வந்த ஜீவனுக்கு ஒரு வரி. போனது, வந்தது, முடிந்தது. வளர்ந்ததா, வாடியதா, குட்டையாய்ப் போனதா, குணம் மாறியதா? அதற்கப்புறம் இன்னொரு கப்பல் அனுப்பினார்களாம், அது திரும்பாமல் எரிந்துபோனதாம். அதில் நாய்கள் இருந்ததை எழுதினார்கள். பூசணம் இருந்ததா என்று எழுத ஒருவருக்கும் கை வரவில்லை.

கடைசியில் தெங்கேராவில் என் பஸ்ஸில் ஏறும் சயன்ஸ் வாத்தியாரைப் பிடித்தேன். நல்ல மனுஷர். சில்லறை கொடுக்க வந்தவரை உட்காரவிடாமல் கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பூசணத்தை அனுப்பியது விளையாட்டுக்கு அல்லவாம். அது சீக்கிரம் பெருகும். ஒரு ஆளுக்குக் கெடுதல் தெரியப் பல வருஷம் ஆகும், பூசணத்துக்கு ஒன்று என்றால் அதன் பேரன்மார்களிடம் சில நாளிலேயே தெரிந்துவிடும். ஆகாயத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் பாய்கின்றன, அவை அதன் வித்துகளைக் கெடுக்கின்றனவா என்று பார்க்கத்தான் அனுப்பியிருப்பார்களாம். சரி, எடை இல்லாத இடத்தில் எப்படி வளரும் என்று கேட்டேன். குடை பிடிக்கிற காளான் எடைக்கு எதிர்ப்பக்கம் எழும்புகிற சாதி, அதற்குத் திக்குத் தெரியாமல் போகலாம். நூல் நூலாய்ப் படர்கிற பூசணம் தீனி இருக்கிற பக்கம் போகிற சாதி, அதற்கு மேல் கீழ் பற்றிக் கவலை இருக்காமலும் போகலாம் என்றார்.

"போகலாம், போகாமலும் இருக்கலாம்னா எப்படி சார்?" என்றேன்.

"யாருக்குமே இன்னும் தெரியாதுங்க கண்டக்டர். தெரிஞ்சவங்க நமக்குச் சொல்லல" என்றார். அவர் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போயிருந்தது. அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

அதனால் நானே பரீட்சையில் இறங்கிவிட்டேன், சம்பந்தி. என்னிடம் ராக்கெட் இல்லை. பஸ் இருக்கிறது. நம் தெங்கேரா பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து பல் ஆடாமல் இறங்கியவர் உண்டா? ஆட்டத்துக்கு அது போதும். உறுமலுக்கு இன்ஜின் இருக்கிறது. வெட்டிப்பேச்சுக்கு நான் இருக்கிறேன். அம்மா வாங்குகிற அதே கடையில் ராகி வாங்கி, என் வீட்டு அடுக்களையில் அரிசி அவித்தேன். "வாயை மூடிக்கிட்டுச் செய்யணுமாமே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள் என் வீட்டுக்காரி. மூடிக்கொண்டு செய்தால் பிறகு என்ன பரீட்சை? தூவும்போது பஸ் நிற்கும் இடங்களையெல்லாம் வரிசையாய்ச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தூவினேன். பானையைப் பழைய யூனிபார்ம் சட்டையால் சுற்றிக் கடைசி சீட்டுக்கு அடியில் கட்டியிருக்கிறேன். இதை எழுதும்போது இரண்டாம் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளை திறக்கவேண்டும். பானைக்குள் இருப்பது ராகி இல்லை, நானே இருக்கிற மாதிரி இருக்கிறது.

கடிதத்தை அங்கே நிறுத்தியிருந்தேன். இனி எழுதுவது திறந்த பிறகு.

நான் திறக்கவில்லை. கம்பெனி இன்ஸ்பெக்டர் திறந்தார். வாடை பிடித்துக்கொண்டு நேரே கடைசி சீட்டுக்குப் போய்க் குனிந்தார். எமர்ஜென்சி முடிந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பஸ்ஸில் அரிசியோ சோறோ பொட்டலம் கட்டி எடுத்துப் போனால் காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு என்று பிடித்து உள்ளே போட்ட காலம் அவர் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. இலைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, இது எங்கே போகிறது என்று மலாயில் கேட்டார்.

ஆகாயத்துக்கு, என்றேன். என் வாய்க்கு எப்போதுமே சமயம் தெரியாது.

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று, பஞ்சு வைத்த மாதிரி, அடியில் தேன் கட்டி நின்றது. ஒரு விரலால் எடுத்து நாக்கில் வைத்தார். இன்னொன்றைப் பிரித்தார். சீனி போட்டாயா என்று கேட்டார். ஒரு துளி இல்லை, துவான் என்றேன். நாலு பொட்டலம் தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் பஸ்ஸில் சரக்கு ஏற்றினால் ரிப்போர்ட் எழுதிவிடுவேன் என்று எச்சரித்து இறங்கினார்.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு நேரே உங்கள் வீட்டுக்குப் போனேன். சரோஜா கதவைத் திறந்தாள். அம்மா உங்கள் படத்துக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பொட்டலங்களை முன்னால் வைத்துவிட்டு நின்றபடியே பிரசங்கம் செய்தேன். ஆட்டினேன், கத்தினேன், டிக்கெட் டிக்கெட் என்று இதன் தலைமேலே கூவினேன், சண்டைகூட நடந்தது, ஒரு கிழவனார் சில்லறைக்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். இது கோபித்துக்கொள்ளவில்லை. ஆகவே அன்றைக்குப் பானை கெட்டது பேச்சினால் இல்லை. ஆகவே அவர் போனதும் அதனால் இல்லை. நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி நின்றேன்.

அம்மா ஒரு இலையைப் பிரித்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். வெகுநேரம் மென்றார், மெல்ல அதில் என்ன இருக்கிறது?

"அன்னிக்கு நான் திரைக்குப் பின்னாலதான் நின்னேன், பெசான்" என்றார். "முதல்ல பேசினது அவர். முதல்ல சிரிச்சதும் அவர். முப்பது வருஷமாக் கேட்ட சிரிப்பு, எனக்குத் தெரியாதா?"

தெரிந்துகொண்டே ஏன் இத்தனை நாள் என்னை, என்று இழுத்தேன்.

"அவர்மேல கோவப்பட்டா என்ன பண்ணுவார்? படத்துல அப்படியே இருப்பார். நீங்க மறுநாள் வந்து நிப்பீங்க."

சரோஜா அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். நான் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, மிச்சப் பொட்டலத்தை மூடி வைத்தார். உங்க தாப்பாய்ல ராகி கூடிப்போச்சு, அடியில லேசா கசக்குது என்றார். பார்ச்சுக்கு நானே போடறேன் என்றார். என் மனசு குளிர்ந்துபோய் வாயைத் திறந்தேன். கையை உயர்த்திவிட்டார்.

"பானை மூடின நாள்லருந்து நீங்க இந்தப் பக்கம் வரக்கூடாது. வந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது."

பார்த்தீர்களா, சம்பந்தி? இத்தனை நாள் பஸ்ஸில் கட்டிச் சுமந்து, இன்ஸ்பெக்டர் கையில் மாட்டி, ஊர் சிரிக்க நிரூபித்தேன். நிரூபித்ததற்குப் பரிசு, வாயை மூடு. எனக்கு வந்த எரிச்சலை யாரிடம் சொல்வது? இப்படி ஒரு எரிச்சல் வந்தால் நேரே உங்களிடம் வந்துவிடுவேனே. உங்களிடம் ஜெயித்துவிட்டேன் என்று காட்டவாவது நீங்கள் இருக்கவேண்டாமா? ஆட்டினால் கோபிக்கும் என்ற உங்கள் கட்சி தோற்றது. ஒத்துக்கொள்ள ஆள் இல்லை.

என் கட்சியும் ஜெயித்துவிடவில்லை, அதையும் சொல்கிறேன். வாத்தியார், அவருக்கென்று நான் எடுத்துவைத்த பொட்டலத்தை ருசி பார்த்துவிட்டு, ஆட்டம் சரிதான், ஆனால் தெங்கேரா பஸ்ஸில் மேல் கீழ் இருக்கிறதே கண்டக்டர் என்றார். இருக்கத்தான் செய்கிறது. ஏறினவர் எல்லாம் கீழேதான் விழுகிறார்கள். என் ரம்புத்தான் ஆகாயத்தில் உருண்டையாய் முளைத்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிற யாருக்காவது தெரிந்தால் ஒரு வரி எழுதுங்கள். நாயைப் பற்றி வேண்டாம்.

சரோஜா, மேலே விடச் சொன்ன பத்தியையும் வாசித்துவிடு. இனி மறைக்க ஒன்றும் இல்லை.

போன வருஷம் பார்ச்சுக்கு இலைகளைப் போட்டுவிட்டு, பெரியவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, எல்லாரும் வெளியே நின்றோம். நீங்கள் என் காதில், எங்கப்பா மெதுவாத்தான் சாப்பிடுவார், கால் வலிக்கப்போகுது பாருங்க என்றீர்கள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. இந்த வருஷம் நீங்கள் உள்ளே இருப்பீர்கள். என் பக்கத்தில் யார் நிற்பது? நீங்கள் இருக்கும் இடத்தில் மேல் கீழ் உண்டா? அந்தக் கூண்டு சுற்றிப் போனபோது அங்கிருந்து எட்டிப் பார்க்க முடிந்ததா? நான் ஊரெல்லாம் கேட்டு அலைகிற பதில் உங்களுக்கு எப்போதோ தெரிந்துபோய், என்னைப் பார்த்துத் தொடையில் அடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்களா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பூசணம் மேலே போய் என்ன ஆனது என்று கேட்பதை நான் விடமாட்டேன். பதில் கிடைக்கிற வருஷம், கதவு சாத்துமுன் உங்கள் இலைப் பக்கம் குனிந்து முதலில் உங்களிடம் சொல்வேன். அதுவரை, பானை மூடியிருக்கும் நாட்களில் என் வாய் திறக்காது. பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு கண்டக்டர் வேலை பார்க்க முடியாதே, அதற்காக லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ன போட்டாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சம்பந்தி வீட்டில் தாப்பாய் என்றேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு மகளைக் கொடுத்து, கதவுக்கு வெளியே காத்து நிற்கும்
பெசான்
காஜா பெராங், மலாக்கா